கஞ்சா மாதிரிதான் என்று சொல்லித் தருகிற பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

மண்டபம், வேதாளை, தொண்டி பக்கம் கஞ்சா மூட்டை பிடிபட்ட செய்தி நமக்குப் பழகிப்போய்விட்டது. இலங்கைக்குப் போக வேண்டிய சரக்கு, படகு வருவதற்குள் மாட்டிக்கொண்டது என்று படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். நான் இங்கே எழுதப்போவது மூட்டையே தேவைப்படாத சரக்கைப் பற்றி. ஒரு சட்டைப்பைக்குள் அடங்குகிற வெள்ளைப் பொடி, ஆயிரக்கணக்கான பேருக்குப் போதை தரப் போதும். கஞ்சாவின் போதையைப் போலச் செயற்கையாகச் செய்த இந்த வேதிப்பொருள்களுக்கு ஸ்பைஸ், கே2 என்று வெளிநாடுகளில் பெயர். கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்குப் போகிற வளைகுடா நாடுகளில் ஸ்பைஸ் வைத்திருந்ததாகக் கைதாகிற செய்திகள் அடிக்கடி வருகின்றன. "அது வெறும் மூலிகைதான், கஞ்சா மாதிரிதான், ஒன்றும் ஆகாது" என்று கூட இருப்பவன் சொன்னால் அதை நம்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏன் நம்பக்கூடாது என்பது மூளையின் வேதியியலில் இருக்கிறது.

கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி என்ற வேதிப்பொருளை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெசூலமும் யெகியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரியவர மேலும் 24 வருடங்கள் ஆயின. 1988-ல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் அந்த இடத்தைக் காட்டினார்கள். அதைத்தான் இன்று சிபி-1 ஏற்பி என்கிறோம். ஏற்பி என்றால், குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து ஒட்டினால் செல்லை வேலை செய்யவைக்கிற இடம். ஏதோ ஒரு செடிக்காக மூளை தனியாக ஓர் ஏற்பியை வைத்திருக்குமா? வைத்திருக்காது. உடம்பே அதற்கென்று ஒரு பொருளைச் செய்கிறது என்பது 1992-ல் தெரிந்தது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். இது மனிதனுக்கு மட்டும் உள்ள ஏற்பாடும் இல்லை. நம் வலையில் சிக்கினால் தூக்கி வீசுகிறோமே பேத்தை, அந்த இனத்தைச் சேர்ந்த ஜப்பானிய மீன் ஒன்றில் இதே ஏற்பிக்கான இரண்டு மரபணுக்கள் இருப்பதை 1996-ல் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பழைய, அவ்வளவு அடிப்படையான ஏற்பாடு இது.

சரி, சிபி-1 என்ன செய்கிறது? ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்கு ஓயாமல் வேதிச் செய்தி அனுப்பும்போது, வாங்குகிற செல் "போதும், குறை" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்காக அது அந்த நேரத்துக்கு மட்டும் ஆனந்தமைடு போன்ற ஒன்றைத் தயாரித்து, வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. அனுப்புகிற செல்லின் நுனியில் இருக்கும் சிபி-1 அதைப் பிடித்துக்கொண்டு செய்தியைக் குறைக்கிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அந்தப் பொருளைச் சீக்கிரமே சிதைத்துவிடும். தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டும், அவ்வளவுதான். கஞ்சா இந்த ஒழுங்கைக் கலைக்கிறது, ஏனென்றால் டிஎச்சி ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் போகிறது, சீக்கிரம் சிதைவதும் இல்லை. ஆனாலும் டிஎச்சிக்கு ஒரு எல்லை உண்டு. அது சிபி-1-ஐ முழுதாக இயக்குவதில்லை, அரைகுறையாகத்தான் இயக்கும். எவ்வளவு டிஎச்சி போனாலும் அந்த ஏற்பி தன் முழு வேகத்துக்குப் போகாது. (இதைச் சொல்வதால் கஞ்சா பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதின்வயதில் தொடங்கியவர்களுக்கு அது செய்கிற கெடுதல் வேறு பெரிய பேச்சு.)

செயற்கைப் பொருள்களுக்கு அந்த எல்லை இல்லை. அவற்றில் பெரும்பாலானவை சிபி-1-ஐ முழுதாக இயக்குபவை, டிஎச்சியை விடப் பல மடங்கு இறுக்கமாக ஒட்டுபவை. நினைவு, உடல் சமநிலை, இதயத்துடிப்பு, வாந்தி, பயம் என்று சிபி-1 கை வைத்திருக்கிற எல்லாமே ஒரே நேரத்தில் தடம் புரள்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. மூளையை அமைதியாக வைத்திருக்கிற நரம்பு செல்களின் நுனிகளிலும் இந்த ஏற்பி நிறைய உண்டு. அவை முழுதாக வாயடைத்துப்போனால் மற்ற செல்களைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை, வலிப்பு வர வழி திறக்கிறது. கஞ்சா புகைத்தவரிடம் அரிதாகப் பார்க்கிற வலிப்பு, வெறி, சிறுநீரகப் பாதிப்பு, மாரடைப்பு எல்லாம் இதில் வருவதாக மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அப்புறம் கல்லீரல். பொதுவாகக் கல்லீரல் ஒரு மருந்தை மாற்றிச் செயலிழக்க வைக்கும். இந்த வகையில் சிலவற்றைக் கல்லீரல் மாற்றிய பிறகும், மாறிய பொருளே சிபி-1-இல் போய் ஒட்டி வேலை செய்வதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இவற்றை யாரும் போதைக்காகத் தொடங்கவில்லை என்பதுதான் வேதனை. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியலாளர், சிபி-1 எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து பார்த்து, ஆய்விதழ்களில் வெளியிட்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஜேடபிள்யூஎச்-018, டிஎச்சியை விட நான்கைந்து மடங்கு வலுவாக ஒட்டியது. ஆய்விதழ் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியதுதானே. 2008 டிசம்பரில், ஐரோப்பாவில் மூலிகைப் புகை என்று விற்கப்பட்ட ஸ்பைஸ் பொட்டலங்களைச் சோதித்தபோது உள்ளே இருந்தது அதே ஜேடபிள்யூஎச்-018. இதை யாரும் பயன்படுத்தக்கூடாது என்று ஹஃப்மனே வெளிப்படையாக எச்சரித்தார். விற்றவர்களுக்கு அது எட்டவே இல்லை.

பொட்டலத்தில் தெரிகிற இலைக்குப் போதையோடு சம்பந்தமே இல்லை. பொடியைக் கரைத்து ஏதோ ஒரு காய்ந்த இலை மேல் தெளித்து உலர்த்துகிறார்கள். கருவாட்டுக்கு உப்பு போடும்போது கை சரியாகப் பரவாவிட்டால் ஒரு மீன் கரிக்கும், அடுத்த மீன் புழுத்துப்போகும், இரண்டும் ஒரே கூடையில் இருக்கும். இதுவும் அப்படித்தான், ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகையில் ஒன்றும் இருக்காது, அடுத்த சிட்டிகையில் ஆளைச் சாய்க்கிற அளவு இருக்கும். நேற்று நண்பன் புகைத்தான், நன்றாகத்தான் இருந்தான் என்பது இன்றைக்கு எந்த உத்தரவாதமும் தராது. இப்போது இலைகூட இல்லாமல் மின்சிகரெட் திரவத்தில் கலந்தும், காகிதத்தில் ஊறவைத்தும் வருகிறது. பிரிட்டன் சிறைகளுக்குள் கடிதத் தாளாகவே போயிருக்கிறது.

2016 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே தெருப்பகுதியில் 33 பேர் கண் வெறித்து, பேச்சில்லாமல், கைகால் மெல்ல அசைய நின்றார்கள், சரிந்தார்கள். காரணம் ஏஎம்பி-ஃபுபினாகா என்ற இன்னொரு செயற்கைப் பொருள். இது சோதனைக்கூட அளவீட்டில் டிஎச்சியை விட 85 மடங்கு வீரியம். இதே குடும்பத்துப் பொருள் ஒன்றை முதலில் செய்தது ஒரு மருந்து நிறுவனம், வலி மருந்து தேடும் முயற்சியில். 2018-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்தது இன்னும் மோசம். அங்கே கிடைத்த சரக்கில் இரத்தம் உறைவதைத் தடுக்கிற எலி விஷமான புரோடிஃபாகூம் கலந்திருந்தது. 150-க்கும் மேற்பட்டவர்களுக்கு மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வந்தது, சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் இரத்தம் உறைய உதவுகிற வைட்டமின் கே சாப்பிட வேண்டியிருந்தது.

தடை போட முடியாதா என்றால், போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஜெர்மனி 2009 ஜனவரியில் ஜேடபிள்யூஎச்-018-ஐத் தடை செய்தது. சில வாரங்களில் சங்கிலியில் ஒரு கரியணு குறைந்த ஜேடபிள்யூஎச்-073 கடைக்கு வந்துவிட்டது. 2015-ல் ஐ.நா. ஒப்பந்தப் பட்டியலில் ஜேடபிள்யூஎச்-018 சேர்ந்தபோது விற்பனையாளர்கள் அதை விட்டு எங்கோ போயிருந்தார்கள். 2021 ஜூலையில் சீனா தனித்தனியாகப் பெயர் சொல்லாமல் இந்த வகை முழுவதையும் தடை செய்தது. அதற்கும் தப்புகிற புது அமைப்புகள் வந்தன. ஐரோப்பாவில் மட்டும் இதுவரை 250-க்கும் மேற்பட்டவை பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதல் சோதனை எலி, அதை வாங்கிப் புகைக்கிற பையன்தான். எனக்கு இதில் மிகவும் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

கஞ்சாவுக்கான சாதாரண சிறுநீர்ச் சோதனை டிஎச்சி சிதைந்து வருகிற பொருளைத் தேடுகிறது. இவை வேறு வேதிப்பொருள்கள் என்பதால் அதில் தெரியாது. கப்பல் வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறவர்களிடம் "மாட்ட மாட்டாய்" என்று ஆசை காட்டி விற்பதற்கு இது ஒரு காரணம். அதே விஷயம் மருத்துவமனையில் கேடாகிறது: சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் மருத்துவர் வேறு நோயைத் தேட ஆரம்பிப்பார்.

அதனால் வீட்டில் யாராவது திடீரென்று வெறித்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்க, வலிப்பு வந்து விழுந்தால், மானம் போய்விடும் என்று கதவைச் சாத்திவிட்டு மோர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வலிப்பின்போது கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, ஹெராயின் வகைக்குக் கொடுக்கிற நலோக்சோன் இதில் வேலை செய்யாது. வலிப்பை அடக்க மருந்து, நரம்பில் திரவம், இதயத்தையும் சிறுநீரகத்தையும் விடாமல் கண்காணிப்பது, இவைதான் சிகிச்சை, இவற்றைச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் மீண்டுவிடுகிறார்கள். மீதி பொட்டலம் கிடைத்தால் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொடுங்கள், என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். விட நினைத்தும் விட முடியாமல் தவிக்கிறவர்களுக்கு 14446 என்ற அரசின் கட்டணமில்லா எண் இருக்கிறது, வீட்டார் கூப்பிட்டாலும் பேசுவார்கள்.