போக்கர் வீடியோவைத் திறக்குமுன் அதன் வாலைப் பாருங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரியார் வீதியில் எங்கள் திருத்துமிடத்துக்கு வந்தார். "அண்ணை, காட்ஸில முந்நூற்றுநாலு நல்லா விளையாடுவன். போக்கரும் பழகுவம் எண்டு டொரன்டில ஒரு வீடியோதான் இறக்கினனான்" என்றார். டொரன்ட் என்பது பலருடைய கணினிகளிலிருந்து ஒரு ஃபைலை இறக்கும் முறை.

ஒரு படமும் திறக்கவில்லை. எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மி' என்று ஒரு கடிதம்: 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள் என்றால் 490. ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வேர் நிரல்களில் ஸ்டொப் எனப்படும் வகை அது. முதல்நாள் இரவு விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல ஒரு பெட்டி வந்ததாம். அந்த நேரத்தில்தான் பூட்டு விழுந்திருக்கிறது. அக்காவின் கல்யாணப் படங்களும் அதற்குள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தேன். வீடியோ பிளேயரின் செம்மஞ்சள் கூம்புப் படத்தோடு 'பாடம் 1.எம்பி4' இருந்தது. அளவு 2 எம்பி. ஒரு மணித்தியாலப் பாடம் என்றால் நூற்றுக்கணக்கான எம்பி வரவேண்டும். விண்டோஸ் வழமையாக ஃபைலின் கடைசி வாலை மறைத்து வைக்கும். வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதற்குச் சரி போட்டதும் உண்மைப் பெயர் தெரிந்தது: 'பாடம் 1.எம்பி4.ஈஎக்ஸ்ஈ'. ஈஎக்ஸ்ஈ என்று முடிந்தால் அது நிரல். வீடியோ இல்லை.

"டொரன்ட் நூறு வீதம் சரிபார்த்ததே அண்ணை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2001இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டொரன்ட் முறை, ஒரு ஃபைலைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து எடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஏற்றியவர் வைத்தது அப்படியே வந்ததா என்றுதான் அது பார்க்கும். அவர் வைத்தது நஞ்சு என்றால் நஞ்சும் பிசகாமல் வந்து சேரும்.

டொரன்ட் தொடங்குகிறவர்களுக்கு நான் கியூபிட்டொரன்ட் என்ற டொரன்ட் மென்பொருளைத்தான் போட்டுக் கொடுப்பேன். விளம்பரம் இல்லை, திறந்த மூல மென்பொருள், அதன் சொந்தத் தளத்திலேயே கிடைக்கிறது. ஒரு டொரன்டைச் சேர்க்கும்போது உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயரும் அளவும் ஒரு பட்டியலாக வரும். அவசரப்பட்டு ஓகே அழுத்தாதீர்கள். அங்கேயே வாலைப் பாருங்கள். 'கோடெக் (வீடியோவை ஓட்ட உதவும் நிரல்) இன்ஸ்டோல் பண்ணு' என்று கேட்கும் வீடியோவையும் விட்டுவிடுங்கள்; விஎல்சி என்ற வீடியோ பிளேயர் அநேகமாக எல்லா வகையையும் ஓட்டும்.

இன்னொன்று: இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்கு ஏற்றியும் கொடுக்கிறீர்கள். ரவுட்டரில் டேட்டா கரைவது ஒருபுறம், காசுக்கு விற்கும் போக்கர் பாடம் என்றால் நீங்களே அதை விநியோகிப்பவராகி விடுகிறீர்கள். உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் மற்றவர்களுக்குத் தெரியும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. போக்கர் பழக அப்படி இறக்க வேண்டிய அவசியமே இல்லை. எம்ஐடி பல்கலைக்கழகம் 2015 ஜனவரியில் நடத்திய போக்கர் வகுப்பின் வீடியோக்கள் அதன் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அந்தத் தம்பிக்கும் அதைத்தான் காட்டினேன்.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? உடனே வைஃபையை நிறுத்துங்கள், பென்டிரைவைக் கழற்றுங்கள், காசு கட்டாதீர்கள். அந்த ரீட்மி கடிதத்தை அழிக்கவும் வேண்டாம். அதிலுள்ள ஐடி 'டி1' (t1) என்று முடிந்தால், எம்சிசொஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவியால் மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. தம்பியின் ஐடி அப்படி முடியவில்லை. ஆனாலும் இந்த ரான்சம்வேர் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது. அதனால் கல்யாண வீடியோவில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுக்க முடிந்தது. படங்களை முடியவில்லை.