ரத்தம் எடுப்பதற்கு முன் பேச வேண்டும்: டாக்டர் சுனிதி சாலமன் போட்ட பாதை

எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து தரும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருபவர்களில் பலர் பக்கத்து மாவட்டக்காரர்கள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கினால் தெரிந்த முகம் யாராவது எதிர்ப்படுவார்கள் என்ற பயத்தில் பஸ் பிடித்து வருகிறார்கள். மாத்திரை டப்பாவின் லேபிளை மையத்து வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எச்.ஐ.வி. இன்று மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய். ஆனாலும் பயம் தீர்ந்தபாடில்லை. இந்தப் பயத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று இந்திய மருத்துவர்களுக்கு முதலில் செய்து காட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன்.

சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பணியாற்றிவிட்டு 1973-இல் ஊர் திரும்பி, படித்த கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் துறையில் சேர்ந்தார். 1980-களில், எய்ட்ஸ் மேலை நாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பெரியவர்களே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை நம்பவில்லை. தன்னிடம் முதுநிலை படித்த செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார்.

நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். கையுறைகூடக் கிடையாது. ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிநீரைப் பிரிக்க ஒரு தற்காலிக ஆய்வகத்தை சுனிதி அமைத்துக் கொடுத்தார். மாதிரிகளை வைக்க வேறு இடம் இல்லாமல் நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். ரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்றைக் காட்டும் எலிசா சோதனைக்குச் சென்னையில் வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துச் சென்றார். 1986-இல் அங்கே ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; தொற்று இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. எச்.ஐ.வி. இங்கும் வந்துவிட்டதை அப்போதைய தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

கண்டுபிடித்ததோடு சுனிதியின் வேலை முடிந்திருக்கலாம். ஆய்வகத்தில் இருப்பவர் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனால் அவர் 1993-இல், தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். தானாக முன்வந்து பரிசோதனையும் ஆலோசனையும் பெறுவதற்கான இடம் அது. எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே மருத்துவமனைகள் தயங்கிய நேரம். இதய அறுவை நிபுணரான அவருடைய கணவருக்கே முதலில் இதில் விருப்பமில்லை. அவர்கள் கதையைக் கேட்டால் நீங்கள் இப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்பதுதான் சுனிதியின் பதிலாக இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அவர்களுக்குள்ளேயே வரன் பார்த்துத் திருமணம் செய்துவைத்தார். கவுன்சலிங் என்று நாங்கள் சொல்வதை அவர் இவ்வளவு தூரம் கொண்டுபோனார்!

அது இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு முதல் கர்ப்பம். ஒரு கிளினிக்கில் எடுத்த ரத்தத்தில் பாசிட்டிவ். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கூட வந்த மாமியாரைக் கூப்பிட்டு ரிசல்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். அன்றே அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவரைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் செக்கப்புக்குப் போவதையே விட்டுவிட்டாள். எங்களிடம் வந்தபோது எட்டாம் மாதம். "பிள்ளைக்கும் வந்துடுச்சா டாக்டர்?" என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அன்றே மாத்திரை தொடங்கினோம். பிறந்ததும் குழந்தைக்குத் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சொட்டு மருந்து கொடுத்தோம். பதினெட்டு மாதத்தில் எடுத்த கடைசிப் பரிசோதனையில் குழந்தைக்கு நெகட்டிவ்.

சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு உண்டு. முறையாக மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். மருந்து உரிய காலத்தில் போய்ச் சேருவது, முதல் ரிசல்ட்டை யார், யாரிடம், எப்படிச் சொன்னார் என்பதில்தான் இருக்கிறது. என்னோடு பணியாற்றும் இளம் மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். சோதனைக்கு முன் உட்காரவைத்துப் பேசுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால் யாரிடம் சொல்வார், யாரிடம் சொல்லப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். ரிசல்ட் அவருடையது. சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும் வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமே தடுக்கிறது.

மருந்தைத் தொடர்ந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இதற்கு வழிவகுத்த எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வு, ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 ஜோடிகளிடம் நடந்தது. ஒய்.ஆர்.ஜி. கேரும் அதில் ஓர் ஆய்வு மையம். 2011-இல் அதன் முடிவு வந்தபோது சுனிதி இருந்தார். 2015 ஜூலையில் காலமானார். 2017-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சந்தேகம் இருப்பவர்கள் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாக இருக்கும். 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். தொற்றிய சில வாரங்களுக்குச் சோதனையில் தெரியாமல் போகக்கூடும் என்பதால், மறுபடி வரச் சொன்னால் தவறாமல் வாருங்கள். பிறருக்குப் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டதென்றாலோ, பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.