டார்பிடோ: கண்ணியாக இருந்து கணையான சொல்

நீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதத்தை இன்று டார்பிடோ என்கிறோம். ஆனால் அது முதலில் ஒரு மீனின் பெயர். இலத்தீனில் 'தொர்பேரே' என்றால் விறைத்தல், மரத்துப்போதல். அதிலிருந்து பிறந்த 'தொர்பேதோ', தொட்ட கையை மரக்கச் செய்யும் மின்திருக்கைக்குப் பெயரானது. கிரேக்கர் அதே மீனை 'நார்கே' என்றார்கள். அதற்கும் மரப்பு என்பதே பொருள். நார்காட்டிக் என்ற மருந்துச் சொல்லும் அந்த வேரில் முளைத்ததுதான். தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்ன உரோமானிய மருத்துவர்கூட உண்டு, ஸ்கிரிபோனியஸ் லார்கஸ்.

மின்திருக்கை பெரும்பாலும் மணலில் புதைந்து காத்திருக்கும். இரை நெருங்கியதும் அதிர்ச்சி கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ராபர்ட் ஃபுல்டன் நீருக்கடியில் வெடிக்கும் தம் வெடிமருந்துக் கலத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டியபோது அது கச்சிதமாகப் பொருந்தியது, ஏனென்றால் அந்தக் கலமும் தானாக ஓடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் மொபைல் என்ற விரிகுடாவில் டெகும்சே கப்பலை மூழ்கடித்த 'டார்பிடோ'வும் இன்று நாம் கடற்கண்ணி (நீரில் காத்திருந்து கப்பலை வெடிக்கச் செய்வது) என்பதுதான். அக்காலப் போர்க் குறிப்புகளைத் தமிழாக்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

1866இல் ஃபியூமே நகரில் (இன்றைய குரோஷியாவின் ரியேகா) ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட், ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி ஜொவான்னி லுப்பிஸின் யோசனையிலிருந்து தொடங்கி, அழுத்தக் காற்றால் தானே ஓடும் ஒன்றைச் செய்து முடித்தார். நீரழுத்தத்தை உணரும் வால்வும் ஓர் ஊசலும் சேர்ந்து அதை ஒரே ஆழத்தில் ஓட வைத்தன. திசை பிசகாமல் காக்கும் கைரோ என்ற சுழல் கருவி பிறகு வந்தது. காத்திருந்த ஆயுதம் தேடிப் போகத் தொடங்கிவிட்டது, பெயர் மட்டும் பழையபடி நின்றது.

தமிழில் இதற்கு 'நீர்மூழ்கிக் குண்டு', 'நீர்மூழ்கி ஏவுகணை' என்ற இரண்டும் புழங்குகின்றன. இரண்டாவதை விட்டுவிடலாம். நீர்மூழ்கியிலிருந்து கிளம்பி, நீரைக் கிழித்து வானில் பறக்கும் அணு ஏவுகணைக்கே அது பொருந்தும். அணுப்போரைத் தடுக்கவென்று ரோந்து போகும் கப்பல்களில் இரண்டு ஆயுதமும் இருக்கும், ஆகவே பெயர் குழம்பினால் செய்தியே தலைகீழாகும். டார்பிடோவை மேற்பரப்புக் கப்பலும் ஹெலிகாப்டரும்கூட ஏவும் என்பதால் 'நீர்மூழ்கி' என்ற அடையும் இதற்கு ஒட்டாது.

குண்டு என்பதோ போட்டால் விழுவது. டார்பிடோவுக்கு எந்திரம், எரிபொருள், சுக்கான், செலுத்தி, பல வகைகளில் ஒலியால் இலக்கைத் தேடும் சோனார் எல்லாம் உண்டு. பெரிய ரகத்தின் வழக்கமான விட்டம் 533 மில்லிமீட்டர். எடை ஒன்றரை டன்னைத் தொடும். அதன் ஆபத்தும் வெடிமுனையோடு முடிவதில்லை. சிலவற்றில் செறிவான ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியிருப்பார்கள். கசிந்து செம்பு, பித்தளை போன்ற உலோகத்தைத் தொட்டால் அது சடாரென்று கொதிநீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். 1955இல் பிரிட்டனின் சைடன் என்ற நீர்மூழ்கி துறைமுகத்திலேயே மூழ்கி 13 பேர் இறந்தது இதனால். வெடிமுனை வெடிக்கவே இல்லை. 2000 ஆகஸ்ட் 12இல் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கியில் முதலில் வெடித்ததும் வெடிமுனை இல்லாத பயிற்சி டார்பிடோதான் என்பது விசாரணையின் முடிவு. இரண்டு நிமிடம் கழித்து, தீயில் சூடேறிய மற்ற வெடிமுனைகள் வெடித்தன. 118 பேரில் ஒருவரும் மீளவில்லை. குண்டு இல்லாமலே கப்பலை அழித்த ஒன்றைக் குண்டு என்பது எப்படி?

ஆகவே நீரடிக்கணை. விடுபவனும் இலக்கும் உள்ளது கணை. (விட்டவனிடமே திரும்பியதும் உண்டு: 1944 அக்டோபரில் அமெரிக்காவின் டாங் நீர்மூழ்கி, தான் ஏவியது வட்டமடித்து வந்து தாக்கியதில் மூழ்கியது.) கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன: கணைமுனை (வெடிமுனை), கணையறை (கணைகளை வைக்கும் அறை), கணைக்குழல் (கணையை ஏவும் குழல்).

கணைக்குழலுக்கு உள்ளே ஒரு கதவு, கடல் பக்கம் ஒரு கதவு. கணையை ஏற்றி உட்கதவை அடைத்து, குழலில் நீர் நிரப்பி, வெளியழுத்தத்துக்குச் சமமாக்கிய பிறகே வெளிக்கதவைத் திறப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டும் திறக்கக் கூடாது. குழலில் நீர் இருக்கிறதா என்று பார்க்க உட்கதவில் ஒரு சிறு சோதனைத் திருகு உண்டு. திறந்தால் நீர் வடிய வேண்டும். 1939 ஜூன் 1இல் லிவர்பூல் விரிகுடாவில் பிரிட்டனின் தீட்டிஸ் நீர்மூழ்கியில் அந்தத் திருகின் துளையைப் பெயின்ட் அடைத்திருந்தது. நீர் வடியவில்லை, குழல் காலி என்று நினைத்து உட்கதவைத் திறந்தார்கள். வெளிக்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. 99 பேர் இறந்தனர்.