ரேடியேற்றர் இல்லாத எஞ்சினும் கொழும்பு வெயிலும்

கொழும்பில் பழைய வொக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர் அலுக்க அலுக்கக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ரேடியேற்றரும் இல்ல, தண்ணியும் இல்ல, இந்த வெயிலுக்கு இது எப்பிடித் தாங்குது?" கேட்பவர் பெரும்பாலும் பதிலையும் தானே சொல்லிவிடுவார். ஜேர்மனியின் குளிருக்குச் செய்த எஞ்சின், எங்களுக்குச் சரிவராது என்பார். அருமையாக ஒரு பழைய போர்ஷே 911 கண்ணில் பட்டாலும் இதே தீர்ப்புத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் தீர்ப்பு தலைகீழாகிறது.

சூடான பொருளிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் மூன்று விஷயங்களில் தங்கியிருக்கிறது: பரப்பளவு எவ்வளவு, காற்று எவ்வளவு வேகமாக உரசிக்கொண்டு போகிறது, பொருளுக்கும் காற்றுக்கும் இடையில் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு. தண்ணீரால் குளிரும் எஞ்சினின் ரேடியேற்றரில் சுமார் 90 பாகை செல்சியஸ் என்று வைப்போம். ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் காற்று 15 பாகையில் இருந்தால் வித்தியாசம் 75. கொழும்பின் 31 பாகையில் அது 59 ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பீட்டிலின் சிலிண்டர் ஹெட்டோ (சிலிண்டரை மூடும் தலைப்பகுதி) 200 பாகையளவில் வேலை செய்கிறது. அங்கே வித்தியாசம் 185, இங்கே 169. இழப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் வெயில் கூடுதலாகக் கடிப்பது ரேடியேற்றர் வைத்த காரைத்தான். புதிய கார் செய்பவர்கள் பெரிய ரேடியேற்றரைப் பூட்டி அதைச் சமாளித்துவிடுகிறார்கள் என்பதால் அது வெளியே தெரிவதில்லை.

அப்படியானால் இங்கே இத்தனை வொக்ஸ்வேகன் எஞ்சின்கள் ஏன் சூடேறிச் சாகின்றன? அதற்கு எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையைப் பார்க்க வேண்டும்.

உண்மையில் எல்லாக் கார் எஞ்சினும் கடைசியில் காற்றால்தான் குளிர்கிறது. தண்ணீர் இடையில் நிற்கும் தரகர். எஞ்சினிடம் வெப்பத்தை வாங்கி ரேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்கிறார். தரகர் கெட்டிக்காரர் என்பதை மறுக்க முடியாது. கனவளவுக்குக் கனவளவு பார்த்தால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை ஏந்தும். அவரை விலக்கிவிட்டுக் காற்றோடு நேரடியாக வியாபாரம் செய்யவேண்டுமென்றால் உலோகம் கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும், பரப்பளவு பெருக வேண்டும், காற்று ஏராளமாகப் பாய வேண்டும்.

பரப்பளவுக்குத்தான் செட்டைகள். மோட்டார் சைக்கிள் எஞ்சினில் அடுக்கடுக்காக நிற்கும் அதே மெல்லிய தகடுகள். அவற்றை நினைத்தபடி நீட்டவும் முடியாது, நெருக்கவும் முடியாது. நீட்டினால் நுனிக்குப் போகுமுன் வெப்பம் தீர்ந்துவிடும், நுனி சும்மா நிற்கும். நெருக்கினால் ஒவ்வொரு தகட்டையும் ஒட்டி மந்தமாக நகரும் காற்றுப் படலங்கள் ஒன்றோடொன்று முட்டி இடைவெளியை அடைத்துவிடும். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் சில மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால் அலுமினியச் செட்டையை நீளமாக வைக்கலாம். பீட்டிலில் ஹெட் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. போர்ஷே 911இல் சிலிண்டரின் வெளிப்புறத்தையும் அலுமினியமாக்கினார்கள். அதன் எக்ஸோஸ்ட் வால்வின், அதாவது எரிந்த புகையை வெளியே விடும் வால்வின், தண்டு உள்ளே குடைவு. அதற்குள் சோடியம். 98 பாகையில் அது உருகி, வால்வு ஏறி இறங்கும்போது மேலும் கீழும் குலுங்கி, வால்வுத் தலையின் சூட்டைத் தண்டு வழியாக வெளியே கொண்டுவருகிறது.

பீட்டிலின் பின்மூடியைத் திறந்தால் முதலில் தெரிவது எஞ்சினே அல்ல, அரைவட்டமான ஒரு கறுப்புத் தகரப் பெட்டிதான். அதற்குள் விசிறி. விசிறி டைனமோவின் தண்டிலேயே பூட்டியிருக்கும். டைனமோவைச் சுற்றுவது எஞ்சினின் பிரதான தண்டான கிராங்கிலிருந்து வரும் ஒற்றை பெல்ட். பெல்ட் அறுந்தால் டைனமோவும் நிற்கும், டாஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும். பற்றரி சார்ஜ் ஏறவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டு போகிறவர் எஞ்சினைக் கொன்றுவிடுவார். விசிறியும் அதோடு நின்றுவிட்டது என்பதுதான் அந்த லைட் சொல்லும் செய்தி.

பீட்டிலின் 1600 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது அந்த விசிறி செக்கனுக்கு அரைக் கனமீற்றருக்கு மேல் காற்றைத் தள்ளுகிறது. அரைக் கனமீற்றர் என்றே வைப்போம். கொழும்புக் காற்றில் அது சுமார் 0.58 கிலோகிராம். உள்ளே போனதைவிட 60 பாகை கூடுதலான சூட்டோடு அது வெளியே வந்தால், அள்ளிக்கொண்டு போன வெப்பம் 35 கிலோவாட். எஞ்சினின் வலுவோ 50 குதிரைவலு, அதாவது 37 கிலோவாட். எரியும் பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சில்லுக்கும் மூன்றில் ஒன்று சைலன்ஸர் வழியாகவும் மிச்சம் குளிரூட்டலுக்கும் போகும் என்பது பழைய கணக்கு. இரண்டு எண்களும் கிட்டத்தட்டச் சமமாக வருவது அதனால்தான்.

இந்தக் காற்று சரியான வழியில் போனால் மட்டுமே கணக்குச் சரி. சிலிண்டர்களுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், வளைந்த தகரத் துண்டுகள் இருக்கின்றன. அவை காற்றைச் சிலிண்டரின் அடிப்பக்கம் வரை சுற்றிப்போக வைக்கின்றன. அவை இல்லாவிட்டால் காற்று இலகுவான வழியில் நேரே கீழே விழுந்துவிடும், சிலிண்டரின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் வேகும். எஞ்சினைச் சுற்றி, காரின் உடலோடு சேரும் விளிம்பில் ஒரு ரப்பர் சீல் ஓடுகிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சுட்ட காற்று, இரண்டையும் பிரிக்கும் எல்லை அது. கொழும்பில் நான் பார்த்த பழைய வொக்ஸ்வேகன்களில் முதலில் காணாமல் போயிருப்பது இந்த ரப்பர்தான். பழுதானதைத் திரும்பப் போடாதவர்கள் பாதி. "காத்து நல்லாப் போகட்டும் எண்டு கழட்டி விட்டனான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் மீதி. காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் நெரிசலில் நிற்கும்போது, கீழே வெளியேறிய சூட்டுக் காற்று பின்னால் விடுபட்டுப் போக வழியில்லாமல் அந்த இடைவெளியால் மேலே ஏறுகிறது. விசிறி அதையே திரும்ப உறிஞ்சுகிறது. 31 பாகைக் காற்றுக்குப் பதில் 60 பாகைக் காற்று. வெயிலால் வந்த இழப்பைவிட இது பெரிது. ஆனால் பழி வெயிலுக்கு.

இன்னொன்று, மூன்றாம் நம்பர் சிலிண்டர். பழைய பீட்டிலில் ஒயில் கூலர் விசிறிப் பெட்டிக்குள்ளேயே நிற்கும், அதற்கு நேர் கீழே இந்தச் சிலிண்டர். கூலரால் சூடாக்கப்பட்ட, பாதி மறிக்கப்பட்ட காற்றுத்தான் அதற்கு மிச்சம். வொக்ஸ்வேகன் கம்பனிக்கு இது தெரிந்தே இருந்தது. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றர்கள் சிலவற்றில் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பொறியை, கிராங்கின் சுழற்சியில் சில பாகை பிந்தித் தட்டவிட்டுச் சமாளித்தார்கள். 1971 மொடலில்தான் கூலரை ஒதுக்கி, அதற்கென்று தனிக் காற்று வழி கொடுத்தார்கள். எக்ஸோஸ்ட் வால்வு உடைந்த எஞ்சின் கராஜுக்கு வந்தால் அனுபவமுள்ள பாஸ் முதலில் மூன்றாம் நம்பரைத்தான் கழற்றுவார்.

நெரிசல் பற்றிய பயம் ஓரளவுக்கு மிகை. விசிறி காரின் வேகத்தில் சுற்றுவதில்லை, எஞ்சினின் வேகத்தில் சுற்றுகிறது. சும்மா நிற்கும் எஞ்சின் தரும் வெப்பமும் கொஞ்சம்தான். பீட்டிலுக்கு உண்மையான சோதனை கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றம், அதுவும் சோம்பேறி கியரில். மணிக்கு 45 கிலோமீற்றரில் நாலாம் கியரில் இழுத்துக்கொண்டு போனால் எஞ்சின் சுமார் 1,500 சுற்றில் முனகும். அதே வேகத்துக்கு இரண்டாம் கியர் போட்டால் 3,000ஐத் தாண்டும். மலை கேட்கும் வலு இரண்டுக்கும் ஒன்றே, எரியும் பெற்றோலும் பெரிதாக மாறாது. ஆனால் விசிறியின் காற்று இரண்டு மடங்குக்கு மேல். எஞ்சின் அலறுகிறதே என்று பரிதாபப்பட்டு மேல் கியர் போடுகிறவர்தான் அதைச் சுடவைக்கிறார்.

இந்த எஞ்சினை மாற்றியமைக்கும் ஆசை எங்கே தொடங்கியது என்றால் போர்ஷேயில்தான். 1948இல் செய்த முதல் போர்ஷே 356, பீட்டிலின் 1,131 சி.சி. எஞ்சினை 25 குதிரைவலுவிலிருந்து 35 வரை முறுக்கிப் பூட்டிய கார். அதே கொள்கையை உச்சிக்குக் கொண்டுபோனது போர்ஷேயின் 917 பந்தயக் கார். பன்னிரண்டு சிலிண்டர், 580 குதிரைவலு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எஞ்சினின் மேல் படுக்கையாக ஒரு பெரிய விசிறி. அதைச் சுற்ற மட்டும் சுமார் 17 குதிரைவலு போனது. 1970இல் லு மான் பந்தயத்தில் போர்ஷேக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைக் கொண்டுவந்தது இந்தக் கார்.

இங்கே அந்த ஆசை பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும் வெளிநாட்டுப் பார்சல்களிலும் வாழ்கிறது. முதல் வேலை சிலிண்டரைப் பெரிதாக்குவது. 85.5 மி.மீ. விட்டத்தை 94 ஆக்கினால் 1,584 சி.சி. 1,915 ஆகும், ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஆனால் பக்கத்துச் சிலிண்டருக்கான தூரம் மாறாது. உள்ளே விரியும்போது வெளியே செட்டைக்கு இடம் கூடுவதில்லை. அதோடு கொம்பிரஷனையும் (கலவையைச் சிலிண்டருக்குள் அழுத்தும் அளவு) ஏற்றினால் சூடான ஹெட்டில் பெற்றோல் பொறிக்கு முன்னமே வெடித்து பிஸ்டனைத் தின்னும். ஒக்டேன் 92 ஊற்றிக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம், 95 ஊற்றினாலும் அடக்கம் நல்லது. என்னைக் கேட்டால் 87 மி.மீ.யில் 1,641 சி.சி.யோடு நிறுத்திவிட்டு, மிச்சக் காசில் வெளி ஒயில் கூலர் ஒன்றும் புதுத் தகரங்களும் ரப்பரும் வாங்கலாம். பீட்டிலின் ஒயில் வெறும் 2.5 லீற்றர். குளிரூட்டலில் ஒரு பங்கு வேலையை அந்தக் கொஞ்ச ஒயிலும் செய்கிறது.

கிராங்கில் பெல்ட் ஓடும் சில்லான புல்லியைச் சின்னதாகப் போடுவது இன்னொரு மோகம். விசிறி விழுங்கும் வலு அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தைக் காற்பங்கு குறைத்தால் விழுங்கும் வலு பாதிக்கும் கீழே, 42 வீதத்துக்கு இறங்கும். மீந்த வலு சில்லுக்கு. காற்றும் காற்பங்கு குறையும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. பந்தயத்துக்கு அது நியாயம். தினமும் மருதானையால் வேலைக்குப் போகும் காருக்குத் தற்கொலை.

பந்தயத்திலும் எந்தப் பந்தயம் என்று பார்க்க வேண்டும். நுவரெலியாவில் 1930களிலிருந்து நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி குறுகிய ஓட்டம். எஞ்சின் நூறு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உலோகம். அதன் மொத்த வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த சுமார் 70 கிலோஜூல் வேண்டும். 35 கிலோவாட் வெப்பம் 50 செக்கன் உள்ளே தேங்கினாலும் சராசரி 25 பாகைதான் ஏறும். குறுந்தூர நேரோட்டமான இழுவைப் பந்தயக்காரர்கள் விசிறி பெல்ட்டையே கழற்றிவிட்டு ஓடத் துணிவது இந்தக் கணக்கில்தான். ஹெட்டில் வால்வைச் சுற்றிய இடம் சராசரியைவிட வேகமாகச் சுடும், ஆகவே அது எல்லோருக்குமான துணிவல்ல. களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுகுருந்த ஓடுபாதையில் சுற்றுக்கு மேல் சுற்று ஓடும்போது இந்தச் சேமிப்பு சில நிமிடங்களில் நிரம்பிவிடும். பிறகு வருகிற வெப்பம் வந்த வேகத்திலேயே வெளியே போக வேண்டும். அங்கே முழு அளவுப் புல்லி, முழுத் தகரம், பெரிய ஒயில் கூலர்.

நுவரெலியாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே கனவளவைத் தள்ளினாலும் நிறை குறையும். எஞ்சின் மூச்சிழுப்பதும் அதே அளவு குறைவதால் வெப்பமும் குறைகிறது, மலைக் குளிரும் கைகொடுக்கிறது. குளிரூட்டல் பக்கம் பிரச்சினை இல்லை. காபரேற்றர்தான் தொல்லை. கொழும்பில் செட் பண்ணிய ஜெட் (பெற்றோலை அளந்துவிடும் துளை), மலையில் மெலிந்த காற்றுக்குப் பெற்றோலைக் கூட ஊற்றும், கலவை கொழுக்கும், வலு போகும். சின்ன ஜெட்டுகளைப் பையில் கொண்டுபோகிறவர்கள் திரும்பி வந்ததும் மறக்காமல் பழையதைப் பூட்ட வேண்டும். மலை ஜெட்டோடு கொழும்பில் ஓடினால் கலவை மெலிந்து ஹெட் மளமளவென்று சுடும். பிளக்கின் அடியில் வளையமாகப் போடும் வெப்ப உணரி இருந்தால் அதை உடனே காட்டும். ஒயில் வெப்பமானி காட்டும்போது காலம் கடந்திருக்கும்.

போர்ஷே கடைசியில் கைவிட்டது வெயிலுக்குப் பயந்தல்ல. சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்தால் எஞ்சின் நன்றாக மூச்சுவிடும். ஆனால் இரண்டு எக்ஸோஸ்ட் வால்வுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய உலோகத்துக்குச் செட்டை வைக்கவும் இடமில்லை, காற்றை அனுப்பவும் வழியில்லை. தண்ணீரைத்தான் அங்கே ஓடவிடலாம். 1978இல் 935 பந்தயக் காரில் ஹெட்டுக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தார்கள், சிலிண்டரைக் காற்றுக்கே விட்டார்கள். புகைக் கட்டுப்பாடும் இரைச்சல் கட்டுப்பாடும் இறுக இறுக, வீதிக் கார்களும் அதே வழிக்கு வந்தன. காற்றால் குளிர்ந்த கடைசி 911 தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த ஆண்டு 1998.