எண்ணெய் சேராத சாலட்டில் வீணாவது எது?

பாலக் கீரை, லெட்யூஸ், கேரட், தக்காளி கலந்த ஒரு தட்டு சாலட்டில் பீட்டா கரோட்டின், லூட்டீன், லைக்கோபீன் முதலிய கரோட்டினாய்டு நிறமிகள் ஏராளமாக உள்ளன. ஆனால் தட்டில் உள்ள அனைத்தும் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. 2004இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. இதே காய்கறிகள் கொண்ட சாலட்டை, கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங், 6 கிராம் கனோலா எண்ணெய் சேர்ந்தது, 28 கிராம் சேர்ந்தது என மூன்று விதமாக, வெவ்வேறு நாட்களில் ஏழு பேருக்குக் கொடுத்து, 12 மணி நேரம்வரை மணிக்கொரு முறை இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கொழுப்பில்லாத சாலட்டிலிருந்து கரோட்டினாய்டுகள் ஏறக்குறைய சேரவே இல்லை. எண்ணெய் கூடக் கூட அவை சேரும் அளவும் கூடியது.

காரணம், இந்நிறமிகள் நீரில் கரையாதவை. கீரையில் பசுங்கணிகத்துக்குள் புரதங்களோடு பிணைந்தும், கேரட்டில் படிகங்களாகவும் இருக்கும் அவை, நன்றாக மென்று விழுங்கியபின் வெளிப்பட்டாலும், சிறுகுடலின் நீர்ச்சூழலில் தாமாகக் குடற்சுவரை எட்ட முடியாது. உணவில் எண்ணெய் இருந்தால் முதலில் அதில் கரைகின்றன. கொழுப்பு வந்ததை உணர்ந்த குடல் சுரக்கும் ஹார்மோனால் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பாய்ச்சுகிறது. பித்த உப்புகளும் செரித்த கொழுப்பும் சேர்ந்து உருவாகும் மைசெல் என்னும் மிக நுண்ணிய துகள்கள் நிறமிகளைச் சுமந்து குடற்சுவரில் சேர்க்கின்றன. அங்கே பீட்டா கரோட்டினில் ஒரு பகுதி வைட்டமின் ஏ ஆக மாற, எஞ்சியது கைலோமைக்ரான் என்னும் கொழுப்புத் துகள்களில் ஏறி, நிணநீர் வழியாக இரத்தத்தை அடைகிறது.

இதற்காக எண்ணெயைக் கொட்டவேண்டியதில்லை. 28 கிராம் எண்ணெயில் சுமார் 250 கலோரி உண்டு. அது பெரும்பாலும் சாலட்டின் காய்கறிகள் தருவதைவிட அதிகம். ஓரிரு தேக்கரண்டி போதுமென்பதே என் கருத்து. தாளித்த கேரட் கோசுமல்லியில் அந்த அளவு இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

நீரில் கரையும் ஃபோலேட் என்னும் பி வைட்டமினுக்கும் வைட்டமின் சி-க்கும் எண்ணெயின் இந்த உதவி தேவையில்லை. கீரையின் நைட்ரேட்டுக்கும் அப்படியே: அது உமிழ்நீரில் திரும்பச் சுரந்து, நாக்கிலுள்ள பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகி, பின்னர் நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது, கிருமிநாசினி மவுத்வாஷ் இந்தப் பாக்டீரியாக்களைக் குறைத்துவிடும். பாலக்கின் கால்சியமோ அதே கீரையிலுள்ள ஆக்சலேட் என்னும் வேதிப்பொருளில் சிக்கிக்கொள்வதால், எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

கரும்பச்சை இலைகளில் மிகுந்துள்ள வைட்டமின் கே இரத்தம் உறைய உதவுவது. அதுவும் கொழுப்போடுதான் நன்கு சேரும். ஆகவே வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோர் கீரையைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாமல், அன்றாடம் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டு, மாற்றம் தேவைப்பட்டால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.