பாய்லர் குழாய் சொட்டட்டும்

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “குளிர்காலம் வந்தாலே கேஸ் பில் எகிறுகிறது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் வேறு சொட்டுகிறது. பழுதா?”

இல்லை. பாய்லரின் அடிப்பக்கம் ஒழுகினால் பழுது. அந்தக் குழாய் சொட்டுவது உங்களுக்கு லாபம்.

கதவிடுக்கை அடைப்பது, பரணில் கம்பளி விரிப்பது, ரேடியேட்டரில் (பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகட்டில்) சிக்கிய காற்றைத் திறந்துவிடுவது, வருடாந்திர சர்வீஸ் எல்லாம் நீங்கள் அறிந்தவைதான். நான் சொல்ல வந்தது அந்தச் சொட்டைப் பற்றி.

கேஸ் என்பது பெரும்பாலும் மீத்தேன். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ தண்ணீர் பிறக்கிறது! ஆனால் ஆவியாக. இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் அப்படிச் சுடுகிறதே, ஏன்? ஆவி தண்ணீராக மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை எல்லாம் கொட்டிவிடுகிறது. மீத்தேன் தரும் மொத்த வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த ஆவிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பழைய பாய்லர்கள் அதைப் புகைபோக்கி வழியாக வானத்துக்கு அனுப்பின. இங்கிலாந்தில் 2005 முதல் பொருத்தப்படும் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே அதைப் பிடித்துக்கொள்ளும் வகை.

எப்படிப் பிடிக்கிறது? ரேடியேட்டர்களுக்குள் ஓடி ஆறித் திரும்பும் தண்ணீர், வெளியேறும் புகையின் பாதையில் உள்ள குழாய்க்குள் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஆவி அந்தக் குழாய்மேல் படிந்து நீராகி, வெப்பத்தை உள்ளே ஓடும் தண்ணீருக்கே கொடுத்துவிடுகிறது. அப்படிப் படிந்த நீர்தான் உங்கள் பிளாஸ்டிக் குழாயில் சொட்டுகிறது. அதற்கு மேல் சூடாகத் திரும்பினால் ஆவி படியவே படியாது. பல வீடுகளில் பாய்லரை 75, 80 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வசதி சும்மா கிடக்கிறது.

பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட டயலை 60க்கு இறக்குங்கள். அது ரேடியேட்டருக்குக் கிளம்பும் தண்ணீரின் சூடு; திரும்பும்போது அது இன்னும் ஆறியிருக்கும். அறை சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். 2022 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் அரசே இதை விளம்பரம் செய்தது. விளம்பரத்தோடு நிற்காமல், முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஆள் அனுப்பித் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்பேன். புதிய கருவிகளுக்கு மானியம் அள்ளிக் கொடுக்கிறோம், இருக்கிற கருவியைச் சரியாக ஓட்டக் கற்றுக்கொடுக்கக் காசில்லையா?

ஒரு எச்சரிக்கை: வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீடுகளில் தொட்டித் தண்ணீர் 60 டிகிரியை எட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம். அவர்கள் மெக்கானிக்கைக் கேட்காமல் டயலில் கை வைக்க வேண்டாம்.