மோடத்தை மாற்றும் முன் நேரத்தைக் குறித்து வையுங்கள்

செம்புக் கம்பியில் வரும் பிராட்பேண்ட் அடிக்கடி கட் ஆகிறது என்றால் நம் வீடுகளில் நடப்பது அநேகமாக ஒன்றுதான். முதலில் மோடத்தை ஆஃப் செய்து போடுவார்கள். பிறகு அடாப்டரை மாற்றுவார்கள், கடைசியில் மோடத்தையே மாற்றுவார்கள். புகார் கொடுத்தால் லைன்மேன் வருவார். அவர் வந்து நிற்கும் நேரத்தில் மோடத்தில் லைன் இணைப்பைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு அசையாமல் பச்சையாக எரியும். "லைன் நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டுப் போவார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த நேரத்தில் லைன் நன்றாகத்தான் இருந்தது.

தொலைபேசி லைன் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எப்போ கட் ஆகுது?" என்பதுதான். பழுதான மோடத்துக்கும் அறுந்த கம்பிக்கும் மணிக்கணக்கு கிடையாது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலுக்கு, அதாவது மற்ற மின்சாமான்கள் கிளப்பிவிடும் வேண்டாத மின் அலைகளுக்கு, உண்டு. அது யாரோ ஒருவர் ஒரு சுவிட்சைப் போடும்போது வருகிறது, அணைக்கும்போது போகிறது. அந்த நேரம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஃபைபர் வந்துவிட்ட வீடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி இழையில் போகும் ஒளியை மின் இரைச்சல் தொடாது. ஆனால் இன்னும் தெருவில் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிபி பாக்ஸிலிருந்து வரும் ஜோடிக் கம்பியை நம்பியே பிள்ளைகளின் படிப்பையும் வீட்டிலிருந்து பார்க்கும் வேலையையும் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் தெரியாமல் அவர்கள் மோடத்துக்குக் கொடுக்கும் காசு எனக்கு உறுத்துகிறது.

செம்புக் கம்பி பிராட்பேண்டில் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ லைனில் சிக்னல் சுமார் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அந்த அகலத்தை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அளவுள்ள 512 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு டேட்டா ஏற்ற முடியுமோ அவ்வளவை மோடம் ஏற்றுகிறது. நம் மீடியம் வேவ் வானொலி முழுக்க இந்த அகலத்துக்குள்தான் இருக்கிறது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைக் கணக்குப் போட்டால் 167-வது துண்டில் வந்து விழும். வானொலிக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லைனின் வரைபடத்தைப் பார்த்தால் சரியாக அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தால் யாருக்கும் தொல்லை இல்லை. அது எப்போதும் இருப்பதால் மோடம் அந்தத் துண்டில் குறைவாக ஏற்றிவிட்டு மற்றவற்றை வைத்து ஓட்டிக்கொள்கிறது. திடீரென்று வந்து திடீரென்று போகிற இரைச்சல்தான் லைனைக் கவிழ்க்கும்.

அந்த இரைச்சல் கம்பிக்குள் எப்படி ஏறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைபேசிக்கு இரண்டு கம்பி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறுகிறது. மோடம் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடை ஏறினால் முள் நகராது, அதே கணக்கு. ஆனால் ஒரு காலில், அதாவது இரண்டில் ஒரு கம்பியில், ஜாயின்ட் கெட்டு களிம்பு பிடித்திருந்தாலோ, ஒரு காலில் மட்டும் ஈரம் பட்டு எர்த் கசிந்தாலோ, பழைய பேரலல் போனுக்குப் போன ஒயர் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தாலோ அந்தச் சமநிலை போய்விடும். அப்போது பக்கத்து வீட்டு பல்பு கூட உங்கள் லைனுக்குள் வந்துவிடும். ஆகவே இரைச்சலால் கட் ஆகும் லைனில் பெரும்பாலும் இரண்டு குறை இருக்கும்: இரைச்சல் போடும் ஒரு சாமான், அதை உள்ளே விடும் ஒரு ஜாயின்ட்.

"போன்ல பேச்சு கணீர்னு கேக்குதே, அப்புறம் லைன்ல என்ன கோளாறு?" என்று கேட்பார்கள். பேச்சு 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு மேலே நடக்கும் கூத்து காதுக்குக் கேட்காது. இதற்கு நேர்மாறாக, ஒரு கால் முழுக்க அறுந்து போன் செத்துக் கிடக்கும் லைனில் கூட மோடம் குறைந்த வேகத்தில் எக்ஸ்சேஞ்சை எப்படியோ பற்றிக்கொண்டு நிற்பதுண்டு. போனை வைத்து நெட் லைனை எடை போட முடியாது.

டெல்டா பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டிலிருந்தே மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து அனுப்பும் ஒரு பெண். மோடம் மாற்றியாயிற்று, போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மாற்றியாயிற்று. அவர் சொன்ன புகார் விசித்திரமாக இருந்தது.

"கரண்ட் போற நாள்லதாண்ணே சாயங்காலம் நெட்டும் கட்டாகுது. மத்த நாள்ல கட்டாகல, ஆனா நாள் பூரா ஸ்லோவாவே இருக்கு."

"எந்த நேரத்துல கட்டாகுதுன்னு மட்டும் கொஞ்சம் எழுதி வையிங்கம்மா. அன்னிக்குப் பகல்ல மோடத்தை ஆஃப் பண்ணி போட்டீங்களான்னும் சேர்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அழகாகக் குறித்து வைத்திருந்தார். கட் ஆன நேரமெல்லாம் சாயங்காலம் ஆறேகாலை ஒட்டியே இருந்தது. கட் ஆன நாள் ஒவ்வொன்றிலும் பகலில் மோடம் ஒருமுறை அணைந்து எரிந்திருந்தது. ஒன்று, பராமரிப்பு மின்தடை. இல்லாவிட்டால், ஸ்லோவாக இருக்கிறதே என்று அவரே ஆஃப் செய்து போட்டது.

அந்தத் தாள்களைப் பார்த்ததும் விஷயம் துலங்கிவிட்டது. பகலில் லைன் சுத்தமாக இருக்கிறது. அப்போது மோடத்தைப் போட்டால் அது 12 எம்பிபிஎஸ்ஸில் பற்றுகிறது; தாங்கு சக்தியாக, அதாவது மார்ஜினாக, 6 டெசிபல் வைத்துக்கொள்கிறது. இருட்டும் நேரத்தில் எங்கோ ஒன்று எரிய ஆரம்பித்ததும் இரைச்சல் 9 டெசிபல் ஏறுகிறது. ஆறைக் கையில் வைத்திருப்பவனிடம் ஒன்பது கேட்டால்? லைன் விழுகிறது. மோடம் மறுபடி பற்றும்போது இரைச்சலையும் சேர்த்து அளந்து 7 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. விடிந்ததும் இரைச்சல் போய்விடுகிறது. ஆனால் மோடம் தானாக வேகத்தை ஏற்றிக்கொள்ளவில்லை. அதனால் மறுநாள் முழுக்க ஸ்லோ. யாரும் அதைத் தொடாவிட்டால் அடுத்த சாயங்காலம் கட் ஆவதும் இல்லை. "ஸ்லோ", "கட்" என்று இரண்டு புகாராகத் தெரிந்தது ஒரே கோளாறு.

உங்கள் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். பிரவுசரில் 192.168.1.1 போட்டு மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் டிஎஸ்எல் நிலவரம் என்ற பகுதியில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று அந்தத் தாங்கு சக்தி இருக்கும் (சில மோடத்தில் முகவரி வேறாக இருக்கும், அடியில் ஒட்டிய தாளில் பாருங்கள்). பகலில் வேகம் குறைவாகவும் மார்ஜின் 14, 15 என்று உயரமாகவும் இருந்தால், அந்த மோடம் இரைச்சல் நேரத்தில் பற்றியது என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் மோடத்தில் அப்படித்தான் இருந்தது.

இனி ஆளைப் பிடிக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பேட்டரியில் பாடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று போதும், மீடியம் வேவ் இருக்க வேண்டும். எஃப்எம் மட்டும் பாடும் ரேடியோவும் செல்போனும் இந்த வேலைக்கு உதவாது. நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துவிட்டு, இரைச்சல் நேரத்தில் வீட்டைச் சுற்றி நடந்தால், குற்றம் செய்யும் சாமானை நெருங்க நெருங்க "கர்ர்ர்" என்ற சத்தம் ஏறும். ரேடியோவுக்குள் ஏரியலாக ஒரு ஃபெரைட் தண்டு படுத்திருக்கும். தண்டின் முனை சாமானைப் பார்த்து நிற்கும்போது சத்தம் சட்டென்று ஒடுங்கும். ஒடுங்கும் திசையை இரண்டு இடத்தில் நின்று பார்த்தால், கோடுகள் சந்திக்கும் இடம்தான் நீங்கள் தேடுவது. சத்தம் கூடும் இடத்தைத் தேடுவதைவிட ஒடுங்கும் திசையைத் தேடுவது துல்லியமானது.

முதலில் உங்கள் வீட்டை நீங்களே சந்தேகப்படுங்கள். மோடத்தை ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி பேக்கப்பில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, "மெயினை அணைச்சும் போகலையே" என்பார்கள். கரண்ட் போகும்போது மட்டும் நெட் தடுமாறினால் இன்வெர்ட்டரையே பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்கள் இதில் பொல்லாதவை. எல்லாம் அணைந்த பிறகும் ரேடியோ கத்தினால் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது.

நான் அதிகம் பார்த்தவற்றில் முதலிடம் விலை மலிவான எல்ஈடி பல்புக்கும் பேர் தெரியாத அடாப்டருக்கும்தான். உள்ளே இரைச்சலை அடக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் வைக்காமல் காசை மிச்சம் பிடித்திருப்பார்கள். பாக்கெட்டில் ஐஎஸ் 16102 பாகம் 1 என்று இந்தியத் தர எண் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது பாதுகாப்புக்கான தரம். இரைச்சல் இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. அடுத்தது, குமிழைத் திருகினால் சீராக வேகம் குறையும் ஃபேன் ரெகுலேட்டர். அது மின்சாரத்தை விநாடிக்கு நூறு தடவை வெட்டி விடுகிறது, நூறு தடவையும் ஒரு துடிப்பு லைனில் அடிக்கிறது. ஒன்று, இரண்டு என்று டக் டக்கென்று நிற்கும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஸ்டார்ட்டர் போய் மினுக்கும் பழைய டியூப்லைட்டும் இரைச்சல் போடும். மிக்ஸியின் கார்பன் பிரஷ் தீப்பொறி விடும். சட்னி அரைக்கும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் நெட் தடுமாறினால் அதைக் கண்டுபிடிக்க ரேடியோவே வேண்டாம்.

டெல்டா வீட்டில் வீட்டுக்குள் எதுவும் இல்லை. ரேடியோ எங்களைப் பக்கத்து வீட்டு கேட்டுக்கு அழைத்துப் போனது. இருட்டினால் தானே எரியும் சென்சார் வைத்த வாசல் பல்பு. அந்த வீட்டுப் பெரியவர் நம்பவில்லை. "ஏங்க தம்பி, என் வாசல்ல எரியிற பல்பு அவுங்க வீட்டு நெட்டை எப்படிங்க கெடுக்கும்?" நியாயமான கேள்வி. ரேடியோவை அவர் கையிலேயே கொடுத்து, சுவிட்சை அவரையே போட்டு அணைக்கச் சொன்னேன். போட்டார், கத்தியது. அணைத்தார், அடங்கியது. மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "வேற பல்பு வாங்கிப் போட்டுடறேன்" என்றார். அந்தப் பெண்ணே நல்ல பல்பு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அண்டை வீட்டாரிடம் "உங்களாலதான்" என்று ஆரம்பித்தால் காரியம் கெடும். ரேடியோவைக் கொடுத்துக் கேட்க வைப்பது நல்லது.

ஆனால் பல்பை மாற்றுவதற்கு முன்பே நான் லைனைத் தொட்டுவிட்டேன். டிபி பாக்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் தொலைபேசி ஒயரான ட்ராப் வயர் ஈபி சர்வீஸ் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, பக்கத்து வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு வந்தது. பெரும்பாலான ட்ராப் வயரில் முறுக்கு இருக்காது, அதனால் கரண்ட் ஒயரோடு நீளமாகப் போனால் இரைச்சலை நன்றாகவே வாங்கும். நடுவில் ஒரு ஜாயின்டில் இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தால், ஒரு கால் பளபளவென்று இருந்தது. இன்னொன்று பச்சைக் களிம்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. ஜாயின்ட் இல்லாமல் புது வயர் இழுத்து, ஈபி வயரிலிருந்து விலக்கிக் கட்டியதும், அதே பல்பு எரியும்போதே மார்ஜின் 4 டெசிபல்தான் இறங்கியது, லைன் விழவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான ரிப்பேர். அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ பல்பு வரும்.

பிரிட்டனின் வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் நடந்தது 2020-இல் செய்தியாக வந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு ஊரே நெட் இல்லாமல் தவித்தது. கேபிளை மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. 18 மாதம் இப்படி ஓடியது. கடைசியில் பொறியாளர்கள் அலைவரிசை அளக்கும் கருவியோடு விடியற்காலையில் கொட்டும் மழையில் ஊரைச் சுற்றி வந்து பிடித்தார்கள். ஒரு வீட்டில் தினமும் ஏழு மணிக்குப் போடும் பழைய டிவி. சாமானைப் போடும் நொடியில் ஒரே வெடிப்பாகக் கிளம்பும் இந்த வகை இரைச்சலுக்கு அந்தத் துறையில் ஷைன் என்று பெயர். ஏழு மணி என்ற அந்த ஒரு குறிப்புதான் அவர்களை அந்த நேரத்தில் அங்கே நிற்க வைத்தது.

ஆகவே புகார் கொடுக்கும்போது "நெட் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரம், அப்போது மார்ஜின் எவ்வளவு, பகலில் எவ்வளவு, மெயினை அணைத்தபோது என்ன ஆனது என்று எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில்தான் ஆள் வர வேண்டும் என்று கேளுங்கள். இரைச்சல் இருக்கும்போது லைனைச் சமாளிக்க எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இன்டர்லீவிங்கைக் (டேட்டாவைக் கலைத்து அடுக்கி அனுப்பி, இரைச்சலில் கெட்டதைச் சரிசெய்ய உதவும் முறை) கூட்டி, மார்ஜினை உயர்த்தி வைக்கவும் முடியும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கட் ஆகாது. மூலத்தைக் கண்டுபிடிக்கும் வரை அது நல்ல ஏற்பாடு.

ரேடியோ உங்களை ஒரு மின்கம்பத்துக்கோ டிரான்ஸ்ஃபார்மருக்கோ அழைத்துப் போனால் அங்கேயே நின்றுவிடுங்கள். கம்பத்தையோ ஸ்டே கம்பியையோ தொட வேண்டாம். கம்பத்தில் மின்கம்பிகளை இணைக்கும் ஜம்பர் தளர்ந்து தீப்பொறி விட்டாலும் ரேடியோ இப்படித்தான் கத்தும். அது உங்கள் நெட்டோடு முடியும் விஷயமில்லை, கம்பி அறுந்து விழக்கூடும். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைத்து, ஸ்பார்க் ஆகிறது என்று அன்றைக்கே சொல்லுங்கள்.